கண் திறந்த வைக்கோல் கன்று

வைக்கோல் கன்றின் மூக்கு ஈரமாக இருந்தது.

முனிரத்தினம் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி அடைமழை, பென்னலூரில் ஒழுகாத கூரை எது, ஓதம் ஏறாத சுவர் எது? ஏதோ ஒரு சொட்டு விழுந்திருக்கும் என்றுதான் நினைத்தான். ஆனால் கன்று தொங்கியது அடுப்புக்கு நேர் மேலே, புகை படிந்து கருத்துப்போன மூங்கில் கழியில். வீட்டில் அந்த ஒரு இடம்தான் காய்ந்து கிடந்தது. விரலை அதன் மூக்கடியில் வைத்துப் பார்த்தான். பிசுபிசுப்பு. முகர்ந்தான். பால்.

செவலை நக்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். நேற்று சாயங்காலம் கறக்கும்போது பசு நக்கியது இன்னும் காயவில்லை, அவ்வளவுதான். ராத்திரி முழுக்க அடுப்புச் சூட்டில் தொங்கிய தோல் காயாமல் எப்படி இருக்கும் என்று அவன் மனசுக்குள்ளேயே யாரோ கேட்டார்கள். பயந்துபோன மனுஷன் வேறென்ன செய்வான்? காதில் விழாத மாதிரி இருந்துவிடுவான்.

இத்தனைக்கும் அவன் கோழை இல்லை. ஸ்ரீபெரும்புதூர் மெயின் ரோட்டில், லாரிக்குப் பாடி கட்டும் ஷெட்டில் பெயிண்டர். மற்ற பெயிண்டர்கள் லாரி முதுகில் தாமரை போடுவார்கள், கருடன் போடுவார்கள், மலையும் சூரியனும் போடுவார்கள். முனிரத்தினம் போடுவது ஒன்றே ஒன்று, பசுவும் கன்றும். அந்தப் பசு அவன் வீட்டுச் செவலை. கிளியம்மாள் கல்யாணமாகி வந்தபோது அவள் அம்மா வீட்டிலிருந்து கூடவே ஓட்டிக்கொண்டு வந்த கிடாரி. வேலை இல்லாத நாளெல்லாம் அவன் கொட்டகையில் குந்திக்கொண்டு, அது காதை எப்படித் திருப்புகிறது, அசைபோடும்போது தாடை எந்தப் பக்கம் போகிறது, கிளியம்மாளின் குரல் கேட்டால் கழுத்தை எப்படி நீட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான்.

"கட்னவள ஒரு நாளாச்சும் இப்டிப் பாத்துக்கீறியா நீ?" என்று கிளியம்மாள் இடிப்பாள்.

பார்த்ததெல்லாம் கைக்கு வந்தது. அவன் போட்ட கன்றுகளுக்கு அந்த ரோட்டில் தனிப்பேர் உண்டு. "யோவ் பெயிண்டரு, உன் கன்னுக்குட்டி பின்னாடி வர்றவனயே பாத்துகினு வருதுய்யா. ஒருத்தனும் என் வண்டிகிட்ட நெருங்க மாட்டேன்றான்" என்பான் டிரைவர் அமிர்தநாதன். கண்ணை மட்டும் முனிரத்தினம் கடைசியில்தான் போடுவான். அதற்கு ஒரு முறை இருந்தது. எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஆட்களை எல்லாம் ஒதுங்கி நிற்க வைத்துவிட்டுத்தான் கருமணியில் கடைசிப் புள்ளியை வைப்பான். திறந்த கண் முதலில் தன்னைத்தான் பார்க்க வேண்டும். மனுஷர் முகத்தில் விழக் கூடாது. படத்துக்குக் கண் எழுதுகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற முறைதான் அது.

குழந்தை பிறந்த கையோடு கிளியம்மாளுக்கு விஷஜுரம் வந்தது. அவள் பிழைத்தாள், பால் வற்றிவிட்டது. டின் பால் கொடுத்தார்கள், குழந்தைக்கு வயிற்றோட்டம். எருமைப்பால் கொடுத்தார்கள், வாந்தி. செவலையின் பாலில் சரிபாதி தண்ணீர் விட்டுக் காய்ச்சி, சங்கில் எடுத்துப் புகட்டியபோதுதான் பாப்பாவின் வயிற்றில் ஏதோ தங்கியது. சுருங்கிக் கிடந்த கன்னம் கொஞ்சம் மேலே எழும்பியது. அப்பாடா என்று இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, செவலையின் கன்று வயிறு உப்பிச் செத்துப்போனது. கன்று இல்லாத பசு பாலை அடக்கிக்கொண்டது.

கன்று செத்தால் அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். தோல் வேலை தெரிந்த நாகப்பன் வந்து, கன்றின் தோலை உரித்து உப்புத் தடவி, உள்ளே வைக்கோலை அடைத்து, நாலு குச்சியைக் காலாகச் சொருகித் தைத்துக் கொடுத்தார். கண் இருந்த இடத்தைச் சாக்கு ஊசியால் இறுக்கித் தைத்து மூடியிருந்தார். "மாடு மோந்துதான் பாக்கும். அதுக்குக் கண்ணு இன்னாத்துக்கு? இப்டியே உட்டுடுங்க பெயிண்டரே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

செவலை மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாளும் அதே கதை. மடி கல்லாக இருந்தது. காம்பில் ஒரு சொட்டு இறங்கவில்லை. பாப்பா அழுதது. அழுது அழுது, கடைசியில் குரல் போய், வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பெற்றவன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? முனிரத்தினம் கோலி சோடா பாட்டில் இரண்டை உடைத்துக் குண்டுகளை எடுத்தான். நாகப்பன் போட்ட தையலைப் பிரித்தான். குண்டுகளைப் பதித்து, ஷெட்டிலிருந்து கொண்டுவந்த பெயிண்டைக் குழைத்து, செத்த கன்றின் பார்வை எப்படி இருந்தது என்று நினைத்து நினைத்துப் போட்டான். கண்ணாடி நினைப்பு வரத்தான் செய்தது. இது என்ன லாரியா, சாமியா, வெறும் வைக்கோல்தானே என்று தள்ளிவிட்டான். குழந்தையின் வாய் திறந்து மூடுவதுதான் அவன் கண்ணில் நின்றது. இரண்டாவது கண்ணில் கடைசிப் புள்ளியை வைத்த நேரத்தில், பாப்பாவை மாரில் சாய்த்துக்கொண்டு கிளியம்மாள் அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அய்யோ! உசுரோட கீற மாதிரியே கீதுய்யா" என்றாள். ஈரப் பெயிண்டில் அவளுடைய முகம் பொடிசாகத் தெரிந்தது.

அன்றைக்குச் செவலை அந்தக் கன்றைத் தலை முதல் வால் வரை நக்கியது. பால் சொம்பு நிறைந்து நுரை வழிந்தது. முனிரத்தினம் மடிக்கடியில் உட்கார்ந்தபடியே விக்கி விக்கி அழுதான். பசுவையே ஏமாற்றிவிட்ட கை தன் கை என்று உள்ளுக்குள் ஒரு கர்வமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தச் சந்தோஷம் நாலைந்து நாள் நின்றது. பிறகு பால் குறைய ஆரம்பித்தது. இப்போது மூக்கில் ஈரம்.

கழியிலிருந்து கன்றை இறக்கினான். முன்பெல்லாம் காலைப் பிடித்து ஒரு கையால் தூக்கிக்கொண்டு போவான். இன்றைக்கு இரண்டு கையாலும் அணைத்துத்தான் இறக்க முடிந்தது. மழைக்கு ஓதம் ஏறியிருக்கும். வைக்கோல்தானே, ஈரத்தைக் குடிக்காதா? அடிவயிறு உருண்டு திரண்டிருந்தது. உப்பும் பச்சைத்தோலும் கலந்த பழைய வாடை போய், பால் குடித்த குழந்தை கக்கினால் வருமே, அந்தப் புளித்த வாடை அதன் வாயிலிருந்து வந்தது. கொட்டகையில் செவலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். செவலை நக்கவில்லை. கட்டுத்தறியில் கயிறு விறைக்கிற மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டு நின்றது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. தோல் முழுக்கச் சிலிர்த்துச் சிலிர்த்து அடங்கியது.

"இன்னாடி ஆச்சு உனக்கு? கறக்க உடு தாயீ. பாப்பாவுக்குடி" என்று கெஞ்சினான். சொம்பின் அடிகூட நனையவில்லை.

வீட்டுக்குள் வந்தபோது கிளியம்மாள் முகம் மலர்ந்து நின்றாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது! "யோவ், இங்க பாரு. எனக்குப் பால் வருதுய்யா" என்றாள். ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. ஓடிப்போய்ப் பாப்பாவைத் தூளியிலிருந்து எடுத்து அவள் மடியில் போட்டான். பாப்பா வாயை வைத்தது, இழுத்தது, முகத்தைச் சுளித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதது. அழுத்திப் பிதுக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. காய்ந்த தோல்.

"இப்ப வந்துதே! அடுப்பாண்ட நின்னுகினு இருக்கச்சொல்ல சொட்டுச் சொட்டா வந்துதே!"

முனிரத்தினம் அடுப்பைப் பார்த்தான். அதற்கு மேலே, கொஞ்சம் முன்னால் வரை கன்று தொங்கிய கழியைப் பார்த்தான்.

மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் நாகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தான். நாகப்பன் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். கன்றுக்குக் கிட்டே வரவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாரு கண்ணு வெச்சது?"

"நான்தாண்ணே. மாடு கறக்கலியே, இன்னா பண்ணச் சொல்ற?"

"நான் தெச்சி மூடினது சும்மாவா பெயிண்டரே? செத்தது செத்ததாவே இருக்கட்டும்னுதான் தெக்கிறோம்." அவர் குரல் தணிந்தது. "கண்ணு தொறக்கச்சொல்ல எதிர்க்க யாரு நின்னுகினு இருந்தாங்க?"

"யாரும் இல்ல" என்றான் முனிரத்தினம். சொன்ன வேகத்திலேயே அது பொய் என்று நாகப்பனுக்குத் தெரிந்துபோயிற்று.

"அது யார மொதல்ல பாத்துதோ, அவங்களத்தான் பெத்த தாயின்னு நெனைக்கும். ஏரிக்கரைக்கு எட்துகினு போயி கொளுத்திடு. இப்பவே."

"கொளுத்திட்டா மாடு சுத்தமா மடி உடாதே! எங்கொழந்த?"

"இப்ப மட்டும் உடுதா?"

நாகப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முனிரத்தினம் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். கொளுத்தினால், நாளைக்கு வந்தாலும் வரக்கூடிய அந்த உழக்குப் பாலும் போய்விடும். கொளுத்தாவிட்டால்? கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தான். கண்ணை மட்டும் எடுத்துவிடலாம். நாகப்பன் செய்ததுபோலத் தைத்து மூடிவிடலாம். செவலைக்குப் பயம் போய்விடும்.

சாக்கு ஊசியின் முனையைச் சோடா குண்டின் ஓரத்தில் விட்டு நெம்பினான். அன்றைக்கு அவன் குண்டைப் பதித்தபோது தோலுக்கும் கண்ணாடிக்கும் இடையில் நூல் போக இடம் இருந்தது. இன்றைக்கு அந்த இடைவெளி இல்லை. ஓரத்தில் ஈரமாக, சிவப்பாக, மெல்லிசாக ஒரு சவ்வு. ஊசி பட்டதும் அது மூடிக்கொண்டது.

இமை.

ஊசியைப் போட்டுவிட்டுப் பின்னால் விழுந்தான். அந்த வேகத்தில் பால் சொம்பு உருண்டு கணகணவென்று சத்தம் போட்டது. மிரண்ட செவலை ஒரே எம்பு எம்பியது. கயிறு அறுந்தது. கொட்டகைத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு மழைக்குள் ஓடியது. செவலை போனால் எல்லாமே போயிற்று. "பாப்பாவப் பாத்துக்கோ" என்று வீட்டைப் பார்த்துக் கத்திவிட்டு, கன்றைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு அவனும் பின்னாலேயே ஓடினான்.

மேகம் கவிந்து, விளக்கு வைக்கும் முன்னாலேயே ஊர் இருட்டிவிட்டது. வரப்பெல்லாம் முழங்கால் தண்ணீர். தவளைச் சத்தம் காதை அடைத்தது. தூரத்தில் பெங்களூர் ரோட்டில் லாரிகள் வெளிச்சத்தைத் துழாவிக்கொண்டு போயின. "செவல! செவல!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. கருவேல முள் காலில் ஏறியது தெரியவில்லை. ஏரிக்கரை மேல், ஒரு பனைமரத்தடியில், மழையில் நனைந்தபடி செவலை நின்றுகொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் ஓடவில்லை. ஈனமாக ஒரு குரல் கொடுத்தது. கிட்டே போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அதன் மடியிலிருந்து வெள்ளையாக ஏதோ சொட்டி மழைத்தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது.

சொம்பை வைத்துக் காம்பைத் தொட்டான். பீறிட்டுக்கொண்டு வந்தது பால். கன்று இல்லை, வைக்கோல் இல்லை, ஏமாற்று இல்லை. பசு தானாகவே மடி விட்டது. அது பாலை அடக்கவில்லை, அந்தச் சனியனுக்குப் பயந்துதான் பால் குறைந்த நாளிலிருந்து நடுங்கி நின்றிருக்கிறது. இது தெரியாமல் போயிற்றே! "என் தாயே, என் தாயே" என்று சொல்லிக்கொண்டே கறந்தான். முந்தானை இல்லாத குறைக்கு, தன் வேட்டியை அவிழ்த்துச் சொம்பை மூடினான். செவலையைக் கழுத்தில் கிடந்த அறுந்த கயிற்றால் பனைமரத்திலேயே கட்டிவிட்டு, அரை நிஜாரோடு ஓடினான். பாப்பா பிழைத்துவிடும். இனிமேல் செவலையை ஏரிக்கரையிலேயே கட்டிக் கறக்கலாம். பாப்பா பிழைத்துவிடும்.

வீட்டில் விளக்கு இல்லை.

அடுப்பில் மட்டும் கங்கு. அந்தச் சிவப்பில் கிளியம்மாள் சுவரில் ஒரு தோளைச் சாய்த்து, காலை நீட்டிப்போட்டு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். சப்பும் சத்தம் கேட்டது. நிதானமாக. விட்டு விட்டு. வயிறார.

"கிளீ! பால் கெடச்சிதுடீ!"

"சத்தம் போடாதய்யா" என்றாள். குரலில் தூக்கம் கலந்த ஒரு சுகம். "இப்பதான் குடிக்கிது."

முனிரத்தினத்துக்கு நெஞ்சு நிறைந்தது. "உனக்கே பால் வந்துட்ச்சா?"

"ம்."

"பாப்பா குடிக்குதா?"

அவள் குனிந்து, மடியில் இருந்ததைத் தடவிக் கொடுத்தாள். அவள் புடவைக்கடியிலிருந்து என்னவோ வெளியே வந்து தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனது. மறுபடியும் வந்தது. தட்டியது.

வால்.

தூளி உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடவில்லை. அவன் அதனிடம் போனான். ஒரு கையால் துணியை விலக்கினான். பாப்பா மல்லாக்கப் படுத்திருந்தது. அதே நெற்றி. அதே மை. கன்னத்தில் கை வைத்தான். சரசரத்தது. வாய் திறந்திருந்தது. கடைவாயில், ஒரு தாள் வைக்கோல்.

"பாப்பா" என்றான்.

சங்கை எடுத்தான். சொம்பிலிருந்து மொண்டதில் பாதி சிந்தியது. மீதியைப் பாப்பாவின் வாயில் ஊற்றினான். உள்ளே போயிற்று. பாப்பா கக்கவில்லை. அழவில்லை. தொண்டை அசையவில்லை. பால் மட்டும் போயிற்று. "குடி கண்ணு. செவலப் பாலு. உனக்குத்தான். குடி." இன்னொரு சங்கு. இன்னொன்று. தூளியின் அடித்துணி நனைந்து கனத்து, சொட்ட ஆரம்பித்தது.

முதுகுக்குப் பின்னால் சப்பும் சத்தம் நின்றது.

"ம்மா."

"இன்னாடா ராஜா?" என்றாள் கிளியம்மாள்.

மண்தரையில் சின்னச் சின்னதாகக் குளம்புச் சத்தம். நடக்கப் பழகாத கால்கள். தடுமாறி, நின்று, மறுபடியும். அவன் கால் பக்கத்தில் வந்து நின்றது. மூச்சுச் சூடு முழங்காலில் பட்டது. அவன் குனிந்து பார்க்கவில்லை. சங்கை மறுபடியும் நிரப்பிப் பாப்பாவின் வாயில் ஊற்றினான். நிறுத்தினால் பாப்பா செத்துவிடும் என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. ஊற்ற ஊற்ற, தூளிக்கடியில் கழுத்தை நீட்டி, சொட்டுகிற பாலை ஒரு சொட்டு விடாமல் அது குடித்துக்கொண்டிருந்தது.